டி.வி.யில் படம் திக்கினால்...



மிக்ஸியின் பிளேடு, கிரைண்டரின் பெல்ட், குக்கரின் காஸ்கெட் என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ சாமான்களைப் பார்த்துவிட்டோம். இந்தத் தடவை, கூடத்தில் டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்திருக்கிறதே, அந்தக் கம்ப்யூட்டரின் முறை.

"அது நம்ம வேலையா? பையன் வந்தாத்தான் தெரியும்" என்று நீங்கள் சொல்வது என் காதில் விழுகிறது. இங்கே அரவேணுவிலும் அதே கதைதான். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் எங்கள் ஊர். பிள்ளைகள் படித்து முடித்ததும் கோயமுத்தூர், பெங்களூர், சென்னை என்று இறங்கிப் போய்விடுகிறார்கள். தீபாவளிக்கு வரும்போது, தாங்கள் உபயோகித்துக் கழித்த கம்ப்யூட்டரை டி.வி.யோடு பூட்டி, சினிமா, பாட்டு, கல்யாண வீடியோ எல்லாம் அதில் நிரப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி பஸ் ஏறுகிறார்கள். அப்புறம் வருஷம் முழுக்க அதோடு மல்லுக்கு நிற்பது யார்? நாம்தானே!

அந்தப் பெட்டிக்கு வரும் வியாதிகளில் ரொம்பச் சகஜமானது திக்கல். படம் ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று ஒரு தயக்கம். நடந்து வருகிற கதாநாயகி ஒரு காலைத் தூக்கியபடி நிற்பாள். பிறகு இரண்டு எட்டு சேர்த்து வைப்பாள். அது சினிமாவாக இருந்தால் சேனலை மாற்றிவிட்டுப் போய்விடலாம். நம் வீட்டு வீடியோவாக இருந்தால்? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

திக்கல் என்பது காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் ஜலதோஷத்திலும் வரும், டைஃபாய்டிலும் வரும். திக்கலும் அப்படித்தான். சும்மா ஒரு செட்டிங்கை மாற்றினால் சரியாகிற திக்கலும் உண்டு. இன்னும் நாலு நாளில் உள்ளே இருக்கிற எல்லாமே போய்விடும் என்று எச்சரிக்கிற திக்கலும் உண்டு. எது எது என்று தெரியாமல் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் பணமும் போகலாம், படமும் போகலாம்.

முதலில் கண்ணும் காதும்

குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரிடம் போகும்முன் எத்தனை மணிக்கு ஏறியது, எப்போது இறங்கியது என்று குறித்து வைக்கிறோம் இல்லையா? அதே மாதிரி ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு இந்த ஐந்து கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.

1. படம் மட்டும் திக்குகிறதா, சப்தமும் சேர்ந்து நிற்கிறதா?

2. ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நிற்கிறதா, இஷ்டத்துக்கு எங்கெங்கோ நிற்கிறதா?

3. ஆரம்பத்திலிருந்தே திக்குகிறதா, அரைமணி நேரம் நன்றாக ஓடிய பிறகா?

4. எல்லாப் படமும் திக்குகிறதா, சில படங்கள் மட்டுமா?

5. பெட்டிக்குள் இருக்கிற படமா, இணையத்தில் வருகிற படமா?

இந்தச் சீட்டு கையில் இருந்தால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி. ஃபோனில் பையனிடம் "என்னமோ ஆயிடுச்சுடா" என்று சொல்வதற்கும், "அதே இடத்துல, சப்தத்தோட நிக்குது" என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது பாருங்கள்.

அதே இடத்தில், சப்தத்தோடு நின்றால்

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் நீலகிரியில் நிறையப் பேர். பெரியம்மா நுவரெலியாவிலிருந்து சிறுமியாக வந்தவர். இங்கேயே கொழுந்து கிள்ளி, கல்யாணம் கட்டி, 1998-ல் மகளுக்கும் கல்யாணம் செய்து வைத்தார். அந்தக் கல்யாண வீடியோ கேசட்டைப் பேரன் கோயமுத்தூரில் கொடுத்துக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, டி.வி. பெட்டியில் போட்டுக் கொடுத்திருந்தான். பெரியப்பா காலமாகி ஐந்தாறு வருஷம் ஆகிறது.

சென்ற ஐப்பசி மழையில் பெரியம்மா குடையோடு வந்து நின்றார்.

"ஏம் புள்ள, மாப்பிள்ளை கையில பொண்ணு கையைப் புடிச்சுக் குடுக்கிற எடம் வந்ததும் நின்னுக்கிருது. கடையில கேட்டா, பெட்டி பழசு, இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க, முப்பதாயிரம் ஆகும்ங்கிறாங்க."

"படம் அவ்வளவு முக்கியமா பெரியம்மா? ஆல்பம் இருக்குதே."

"படத்துக்காகக் கேக்கல புள்ள. அவரு குரல் இது ஒண்ணுலதான் இருக்கு."

போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில்தான் நின்றது. சப்தமும் சேர்ந்தே நின்றது. அந்த நேரத்தில் பெட்டியில் காதை வைத்தால் "டிக்... டிக்..." என்று ஒரு மெல்லிய சப்தம். உடனே படத்தை நிறுத்தி, கம்ப்யூட்டரை முறைப்படி அணைக்கச் சொன்னேன்.

காரணம் இதுதான். பழைய கம்ப்யூட்டர்களில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டு ஒன்று வேகமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். கிராமஃபோன் ஊசி மாதிரி ஒரு சின்னக் கை அதன்மேல் ஒட்டாமல் மிதந்து படிக்கும். தட்டில் ஓரிடம் கெட்டுவிட்டால், அந்தக் கை அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கும். அது படித்து முடிக்கிறவரை படம் நிற்கும், சப்தமும் நிற்கும். பார்க்கிற நமக்கு அது திக்கல். கெட்ட இடம் ஒன்றோடு நிற்பது அபூர்வம். நாம் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்கப் பார்க்க, நோயாளியை ஓட விட்ட மாதிரி நிலைமை மோசமாகும்.

ஆகவே, சப்தத்தோடு அதே இடத்தில் நிற்கிற திக்கலுக்கு முதல் சிகிச்சை ரிப்பேர் இல்லை, நகல். "சரியாகிறதா பார்ப்போம்" என்று சோதனை ஓட்டம் வேண்டாம். புதிதாக ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, முதலில் போனால் வராத சாமான்களை அதற்கு மாற்ற வேண்டும். வீட்டு வீடியோ, ஃபோட்டோ, பத்திரங்களின் நகல் இவை முதலில். சினிமாவைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை.

பேரன் ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்தான். "அத்தை, நீங்க மட்டும் நிறுத்தச் சொல்லலேன்னா அம்மாச்சி தினமும் ஓட்டிக்கிட்டே இருந்திருக்கும்" என்றான். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று இலவச மென்பொருள் ஒன்று உண்டு. ஹார்ட் டிஸ்க்கின் நாடி பிடித்துச் சொல்லும். நீல நிறத்தில் 'குட்' என்று காட்டினால் நல்லது. பெரியம்மாவுடையது மஞ்சளில் 'காஷன்' என்று காட்டியது. கெட்ட இடத்தைத் தாண்டித் தாண்டிப் படியெடுக்கும் மென்பொருளை வைத்து இராத்திரி முழுக்க நகல் எடுத்தான். கைப்பிடித்துக் கொடுக்கிற இடத்தில் சில விநாடி படம் போனது போனதுதான். பெரியப்பா "பார்த்துக்கங்க மாப்பிள்ளை" என்று சொல்வது பிழைத்துவிட்டது.

பென் டிரைவிலும் சின்ன மெமரி கார்டிலும் படம் வைத்திருப்பவர்கள் 'நமக்குத்தான் தட்டு சுற்றவில்லையே' என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். அவை டிக் டிக் என்று முன்கூட்டிச் சொல்லாமலே போகும்.

படம் மட்டும் ஒரே தாளத்தில் தடுக்கினால்

டிஸ்க் மாற்றிய பிறகும் பெரியம்மா வீட்டுப் படத்தில் ஒரு சின்னக் குறை மிச்சம் இருந்தது. சப்தம் ஒழுங்காக வந்தது. ஆனால் வீடியோகாரர் பந்தியைச் சுற்றிக் காமிராவை மெதுவாகத் திருப்புகிற இடங்களில் படம் லேசாகத் தடுக்கித் தடுக்கி நகர்ந்தது. இது டிஸ்க் கோளாறு அல்ல, கணக்குக் கோளாறு.

நம் ஊர் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. நம் தூர்தர்ஷன் ஒளிபரப்பும் அதையொட்டியே விநாடிக்கு 25 படம் என்று அமைந்தது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியபோதும் அதே கணக்கு, 1982-ல் கலர் வந்தபோதும் அதே கணக்கு. ஆகவே நம்மூர்க் கல்யாணக் கேசட்டுகளும் விநாடிக்கு 25 படம். அமெரிக்காவில் மின்சாரம் 60 சுழற்சி. கம்ப்யூட்டர் அந்த ஊர் வழக்கப்படி, டி.வி.யை விநாடிக்கு 60 தடவை துடிக்க வைக்கிறது.

இப்போது பந்தியில் உட்காருங்கள். ஐந்து பேருக்குப் பன்னிரண்டு வடை. எப்படிப் பரிமாறுவீர்கள்? மூன்று பேருக்கு இரண்டிரண்டு, இரண்டு பேருக்கு மும்மூன்று. கம்ப்யூட்டரும் அதையேதான் செய்கிறது. ஐந்து படத்தைப் பன்னிரண்டு துடிப்புக்குப் பங்கு போட, சில படம் இரண்டு துடிப்பு நேரம் நிற்கும், சில படம் மூன்று துடிப்பு நேரம் நிற்கும். அந்த ஏற்றத்தாழ்வைத்தான் நம் கண் தடுக்கலாகப் பார்க்கிறது. டி.வி.யின் துடிப்பை 50 ஆக்கிவிட்டால் ஐந்து பேருக்குப் பத்து வடை. தலைக்கு இரண்டு, தகராறே இல்லை!

செய்முறை: விண்டோஸில் 'செட்டிங்ஸ்', அதில் 'சிஸ்டம்', அதில் 'டிஸ்ப்ளே', அதில் 'அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே'. அங்கே 'ரெஃப்ரெஷ் ரேட்' என்ற இடத்தில் 60-க்குப் பதில் 50 என்று மாற்றுங்கள். சினிமாப் படங்கள் விநாடிக்கு 24. பேசும்படம் வந்த நாளிலிருந்து உலகமெங்கும் அதுதான் வழக்கம். டி.வி. இடம் கொடுத்தால் அவற்றுக்கு 24 வையுங்கள்.

ஒவ்வொரு தடவையும் மாற்ற அலுப்பாக இருக்கிறதா? 'கோடி' என்று டி.வி.க்கென்றே செய்த மென்பொருள் இருக்கிறது. பெயர்தான் கோடி, காலணா செலவில்லை. அதன் செட்டிங்கில் 'அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்' என்பதை ஒரு தடவை போட்டுவிட்டால், படத்துக்குப் படம் அதுவே பார்த்து மாற்றிக்கொள்ளும்.

இன்னொன்று. பழைய கேசட்டிலிருந்து வந்த படத்தில், கை அசையும்போது ஓரங்களில் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள் தெரிந்தால் பயப்படாதீர்கள். அந்தக் காலத்து டி.வி. ஒரு படத்தை ஒற்றைக் கோடுகள், இரட்டைக் கோடுகள் என்று இரண்டு பாதியாகக் காட்டியது. அதன் அடையாளம் அது. வி.எல்.சி.யில் 'வீடியோ' என்ற பட்டியலில் 'டீஇன்டர்லேஸ்' என்பதைப் போட்டால் கோடு மறைந்து ஓட்டமும் சீராகும்.

புது ஃபோர்-கே டி.வி. வாங்கிப் பழைய கம்ப்யூட்டரை மாட்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய கம்ப்யூட்டரின் ஹெச்.டி.எம்.ஐ. வாய் அந்தப் பெரிய படத்தை விநாடிக்கு 30 தடவைக்கு மேல் அனுப்பாது. சினிமா முதல் அம்புக்குறி வரை எல்லாமே தடுக்கும். புது டி.வி.யைக் குறை சொல்லாமல், 'ரெசல்யூஷன்' என்ற இடத்தில் 1920 x 1080 என்று குறைத்துப் பாருங்கள்.

செல்ஃபோனில் எடுத்த படம் மட்டும் திக்கினால்

இது இளம் தாய்மார்கள் அதிகம் கேட்கிற கேள்வி. "பாப்பா நடந்ததை ஃபோனில் எடுத்தேன். ஃபோனில் அழகாக ஓடுகிறது. டி.வி. பெட்டியில் போட்டால் நொண்டுகிறது. கல்யாண வீடியோ நன்றாகத்தான் ஓடுகிறது. ஏன்?"

வீடியோவை அப்படியே வைத்தால் இடம் கொள்ளாது. வெயிலில் காய வைத்த வற்றல் மாதிரிச் சுருக்கித்தான் வைக்கிறார்கள். பார்க்கும்போது கம்ப்யூட்டர் அதை விரிக்க வேண்டும். 2003-ல் வந்த சுருக்கு முறை ஹெச்.264. 2013-ல் அதைவிட இறுக்கமாகச் சுருக்குகிற ஹெச்.265 வந்தது. ஐஃபோன்கள் 2017 முதல் இந்தப் புது முறையில்தான் எடுக்கின்றன. இடம் பாதியாக மிச்சம். ஆனால் விரிப்பது கஷ்டம்.

அந்த வேலைக்கென்றே கம்ப்யூட்டருக்குள் தனிப் பாகம் ஒன்று இருக்கும். அதைக் கிரைண்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2015-க்கு முன் வந்த கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவற்றுக்குப் புது முறையை அரைக்கத் தெரியாது. அப்போது பொதுவான மூளையே ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து ஆட்ட வேண்டும். மூச்சு வாங்கும், படம் நொண்டும். சில வீடுகளில் கிரைண்டர் இருந்தும் சுவிட்ச் போடாமல் ஆட்டுக்கல்லில் ஆட்டிக்கொண்டிருப்பார்கள்!

கண்டுபிடிக்கிற வழி: படம் ஓடும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பித்தான்களையும் சேர்த்து அழுத்துங்கள். 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற பக்கத்தில் 'சி.பி.யு.' நூற்றைத் தொட்டுக்கொண்டு, 'ஜி.பி.யு.' பகுதியில் 'வீடியோ டிகோட்' என்ற கோடு தரையோடு கிடந்தால், ஆட்டுக்கல்தான் ஓடுகிறது என்று அர்த்தம். வி.எல்.சி.யில் 'டூல்ஸ்', 'பிரிஃபரன்சஸ்', 'இன்புட்/கோடெக்ஸ்' என்று போய், 'ஹார்ட்வேர் ஆக்சிலரேட்டட் டிகோடிங்' என்பதை 'ஆட்டோமேட்டிக்' என்று வையுங்கள்.

அதற்கும் மசியவில்லையா? 'ஹேண்ட்பிரேக்' என்ற இலவச மென்பொருளில் பழைய ஹெச்.264 முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். இராத்திரி போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் தயார். மூலத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள். நாளைக்கு நல்ல பெட்டி வந்தால் மூலம்தான் அழகாகத் தெரியும். இனி எடுக்கப் போகிற படங்களுக்கு, ஐஃபோன் செட்டிங்ஸில் 'காமிரா', 'ஃபார்மட்ஸ்' என்று போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று வைத்தால் பழைய பெட்டியிலும் ஓடும்.

அரைமணி நேரம் கழித்துத் திக்கினால்

இதைப் பார்க்க ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். ஷோகேஸ் கதவைத் திறந்தால் போதும்.

நம் வீடுகளில் விலையுள்ள சாமான் என்றால் கண்ணாடிக் கதவுக்குள் வைத்து, மேலே குரோஷா பின்னிய விரிப்பையும் போட்டு, அதன்மேல் ஒரு பொம்மையையும் வைப்போம். அழகுதான். ஆனால் அந்தப் பெட்டி மூச்சு விட வேண்டாமா? கம்ப்யூட்டரின் மூளை நூறு டிகிரி செல்ஷியஸை நெருங்கினால், கருகாமல் தப்பிக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வேகம் குறைந்ததும் படம் திக்கும். எங்கள் ஊரில் மார்கழியில் ஸ்வெட்டர், ஸ்கார்ஃப், கம்பளி எல்லாம் போட்டுக்கொண்டு டி.வி. பார்ப்போம். அப்போதும் ஷோகேஸுக்குள் அந்தப் பெட்டி கொதித்துக்கொண்டிருக்கும். வெளியே குளிர் என்பதால் உள்ளே சூடு இராது என்று நினைக்க வேண்டாம்.

பெட்டியைச் சுற்றிலும் நாலு விரல்கடை இடம் விடுங்கள். விரிப்பை எடுங்கள். ஊதுபத்தி, சாம்பிராணிப் புகை படும் இடமும், அடுப்பங்கரையை ஒட்டிய சுவரும் ஆகாது. புகையில் உள்ள பிசுக்கு தூசியைப் பிடித்துக் காற்றாடியில் கம்பளி மாதிரி அடைக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் ஜன்னல் துவாரங்களைத் துடையுங்கள். காற்றாடி சுழலாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத் துணி கூடவே கூடாது. மின்சாரம் நுழையும் பவர் சப்ளை டப்பாவை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஷாக் அடிக்கிற அளவு மின்சாரம் தங்கியிருக்கும்.

இணையத்தில் வருகிற படம் மட்டும் திக்கினால்

பெட்டிக்குள் இருக்கிற படம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. யூடியூப் மட்டும் வட்டம் போட்டுச் சுற்றுகிறது. அப்படியானால் பெட்டியைத் தொடாதீர்கள். குற்றவாளி வரும் வழியில் இருக்கிறான்.

ஃபுல் ஹெச்.டி. படத்துக்கு விநாடிக்கு 5 மெகாபிட், ஃபோர்-கே படத்துக்கு 15 மெகாபிட் என்று நெட்ஃப்ளிக்ஸ் கணக்குச் சொல்கிறது. இன்றைய ஃபைபர் இணைப்புக்கு இது பெரிய சுமை அல்ல. ஆனால் வாசலில் இருக்கிற வைஃபை பெட்டியிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் பாதி தொலைந்துவிடும். மலையில் பழைய வீடுகளின் கருங்கல் சுவர்கள் முழத்துக்கு முழம் தடிமன். அது போதாதென்று சமையலறை வேறு. மைக்ரோவேவ் அடுப்பும் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையும் ஒரே பாதையில் போகிறவை. நீங்கள் பால் சுட வைக்கிற நேரத்தில் மாமியாரின் சீரியல் திக்கினால், அது தற்செயல் அல்ல!

வைஃபையில் '5 ஜி' என்று பெயர் போட்ட இன்னொரு இணைப்பு தெரிந்தால் அதற்கு மாறுங்கள். அது அடுப்போடு மோதாது. ஆனால் சுவர் தாண்டும் சக்தி குறைவு. எல்லாவற்றிலும் உத்தமம், வைஃபை பெட்டியிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு லேன் ஒயர் இழுத்துவிடுவது.

கேசட் இன்னும் பீரோவில் இருந்தால்

இது எங்கள் மலைக்காரர்களுக்கு முக்கியமாக. கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் வெளுத்து வாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் துணி காயாது, செருப்பில் பூஞ்சணம் பூக்கும். பீரோவில் உள்ள வீடியோ கேசட்டிலும் பூக்கும். கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியே பாருங்கள். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அதை எந்த பிளேயரிலும் போடாதீர்கள். நாடா அறும். பூஞ்சணம் பிளேயரில் ஒட்டி, அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். குழந்தைகள், ஆஸ்துமாக்காரர்கள் பக்கத்தில் அதை உதறவும் கூடாது. கேசட்டைச் சுத்தம் செய்து மாற்றிக் கொடுப்பவர்கள் நகரங்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் "பூஞ்சணம் இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லிக் கொடுங்கள்.

இதைத் தள்ளிப் போடாதீர்கள். உலகத்தில் கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. இருக்கிற பழைய பிளேயர்கள் தேயத் தேய, கேசட்டில் உள்ளதைப் பார்க்கும் வழியும் குறைந்துகொண்டே போகிறது.

ஒரே பார்வையில்

• சப்தத்தோடு அதே இடத்தில் நின்றால்: டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். ஓட்டுவதை நிறுத்தி, முதலில் நகல்.

• சப்தம் சரி, காமிரா திரும்பும்போது மட்டும் தடுக்கல்: துடிப்பை 50 அல்லது 24 ஆக்குங்கள்.

• புது ஃபோன் வீடியோ மட்டும்: கிரைண்டர் சுவிட்ச்சைப் போடுங்கள், அல்லது பழைய முறைக்கு மாற்றுங்கள்.

• அரைமணி கழித்து: காற்றோட்டம், தூசி.

• இணையப் படம் மட்டும்: வைஃபை, மைக்ரோவேவ், லேன் ஒயர்.

• எப்போதாவது ஒரு நாள் எல்லாமே மந்தம்: விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும், அல்லது வைரஸ் சோதனை ஓடும். அரைமணி பொறுங்கள்.

ஒரே சமயத்தில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள். ஒன்றை மாற்றி, அதே படத்தை அதே இடத்தில் ஓட்டிப் பார்த்து, சரியில்லை என்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். டிஸ்க் மேல் சந்தேகம் என்றால் மட்டும் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். முதலில் நகல்.

படம் திக்காத வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வேலை உண்டு. வீட்டு வீடியோக்கள் எத்தனை இடத்தில் இருக்கின்றன என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள். ஒரே இடம்தான் என்றால், அது இல்லாததற்குச் சமம். மூன்று நகல் வேண்டும். அதில் இரண்டு வேறு வேறு ரகச் சாமானில் இருக்க வேண்டும். ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும். மகள் வீட்டில் ஒன்று, அண்ணன் வீட்டில் ஒன்று என்று கொடுத்து வையுங்கள். ஊறுகாய் ஜாடியைக் கொடுத்து வைக்கிற நமக்கு இது பெரிய காரியமா?

உங்கள் வீட்டுப் பெட்டி எங்கே, எப்படித் திக்குகிறது என்று அந்த ஐந்து கேள்விகளுக்கும் பதிலோடு எழுதுங்கள். பார்த்துப் பதில் சொல்கிறேன்.